சாவி யார் கையில்?

ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கு. மதியச் சாப்பாட்டு நேரம். ஃபோர்க்லிஃப்ட்டில் சாய்ந்து நின்ற இளைஞரிடம், "தம்பி, இந்த வண்டி எவ்வளவு வெயிட் தூக்கும்?" என்று கேட்டேன்.

"மூணு டன் சார்." யோசிக்காமல் வந்தது பதில்.

"எவ்வளவு உயரத்துக்கு?"

"மேல வரைக்கும் சார்."

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு ஒரு தகடு இருந்தது. கிரீஸும் தூசியும் அப்பிக் கிடந்தது. இருவருமாகத் துணி வைத்துத் துடைத்தோம். மூன்று மீட்டர் உயரம் வரை 3,000 கிலோ, அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து ஆறு மீட்டரில் 1,800 கிலோ என்று பொறித்திருந்தது. அந்தக் கிடங்கின் மேல்தட்டு ரேக் கிட்டத்தட்ட ஆறு மீட்டரில்தான் இருக்கிறது. தம்பி இரண்டு வருடமாக அதே வண்டியை ஓட்டுகிறார். கை சுத்தம், அவசரம் கிடையாது, பர்ஸில் லேமினேட் செய்த சான்றிதழும் இருக்கிறது. பாடம் நடத்தியவர் அந்தத் தகட்டை அவருக்குக் காட்டவில்லை. வேலைக்கு எடுத்தவரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அவரைப் போன்றவர்களுக்கும், அவர்கள் கையில் சாவியைக் கொடுப்பவர்களுக்கும். ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, ஓசூர், தூத்துக்குடி என்று கிடங்கும் ஆலையும் உள்ள இடமெல்லாம் இந்த வேலைக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. லோடு ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள முதல் உயர்வும் இதுதான்.

லைசென்ஸ் எங்கே எடுப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு 2(28), ஆலைக்குள்ளும் அதுபோன்ற அடைத்த வளாகத்துக்குள்ளும் மட்டும் ஓடுவதற்கென்று அமைந்த வண்டிகளை விலக்கி வைத்திருக்கிறது. கேட்டுக்கு உள்ளே ஓடும் ஃபோர்க்லிஃப்ட் அந்த விலக்குக்குள் வரும். பல கம்பெனிகள் கார் ஓட்டும் லைசென்ஸ் கேட்பது ஆளை எடைபோட ஒரு வழி, அவ்வளவுதான். கார் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் எதிரே உள்ள இன்னொரு கிடங்குக்குப் போகச் சாலையைக் கடப்பவர்கள் கவனிக்க வேண்டும். வண்டி கேட்டைத் தாண்டிப் பொதுச் சாலையில் இறங்கிவிட்டால் பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் கேள்வியாக வந்து நிற்கும். அதைத் தீர்த்துக்கொள்ளாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அப்படியானால் இவர் ஓட்டத் தகுதியானவர் என்று யார் சொல்வது? வேலை கொடுப்பவர்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் ஆலை நடத்துபவரின் கடமையாக வைத்தது. 111ஏ பிரிவு ஒரு படி மேலே போய், ஆலையிலேயே பயிற்சி பெறவோ, வெளியே ஒரு நிலையத்துக்கு அனுப்பிப் பயிற்சி தரச் சொல்லவோ தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றது. இப்போது அதன் இடத்துக்குத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. வேலையிடத்தை ஆபத்தில்லாமல் வைக்க வேண்டியவர் முதலாளி என்ற அடிப்படை அதிலும் அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவிலும் நிலைமை இதுதான். அங்கே அரசாங்கம் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் என்று எதையும் கொடுப்பதில்லை. 1999இல் நடப்புக்கு வந்த விதிப்படி முதலாளியே பயிற்சி கொடுத்து, ஓட்டச் சொல்லிப் பார்த்து, பெயர், தேதி, பயிற்சி தந்தவர் யார் என்று எழுதிச் சான்று தர வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். விபத்து நடந்தாலோ, மயிரிழையில் தப்பினாலோ, வண்டி வகை மாறினாலோ மூன்று வருடம் காத்திராமல் உடனே மறுபயிற்சி. 18 வயது நிறையாதவருக்கு இருக்கையே கிடையாது. பிரிட்டனில் பயிற்சியை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: வண்டியைக் கற்பது, நம் வேலைக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்பது, பிறகு நம் கிடங்கில் பழகியவர் ஒருவரின் பார்வையில் ஓட்டுவது. நம் ஆலைகள் அப்படியே எடுத்துக்கொள்ளத் தகுந்த முறை அது. இங்கே முதல் கட்டம் மட்டும் எங்கேயோ நடக்கிறது. மற்ற இரண்டும் "வந்து ஓட்டிப் பாரு தம்பி" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு காகிதம். பயிற்சி நிலையம் தரும் சான்றிதழ் ஒன்று. 'இன்னார், இன்ன வகை வண்டியை, இந்த வளாகத்தில் ஓட்டலாம்' என்று உங்கள் கம்பெனி கையெழுத்திட்டுத் தரும் அனுமதி இன்னொன்று. முதலாவது வேலை தேடித் தரும். விபத்து நடந்த மறுநாள் எல்லோரும் தேடுவது இரண்டாவதைத்தான். அது இல்லாமல் சாவியை வாங்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? இருபது பேருக்கு ஒரு வண்டி என்றால் ஒரு நாளில் உங்கள் முறை அரை மணி நேரம்கூட வராது. எந்த வகை வண்டி? பின்னால் எடைக்கட்டி வைத்த சாதாரண ஃபோர்க்லிஃப்ட் வேறு, ரேக்குகளுக்கு இடையே குறுகிய பாதையில் ஓடும் ரீச் டிரக் வேறு, பேட்டரி பேலட் டிரக் வேறு. ஒன்றில் பழகிய கை அடுத்ததில் தடுமாறும். சரிவுப் பாதை, ரேக், லாரியின் உட்பக்கம் ஆகிய மூன்றிலும் ஓட்டவிடுகிறார்களா? வெறும் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி அனுப்பினால் அது போதாது. சரக்குப் போக்குவரத்துத் துறைக்கான திறன் கவுன்சில் சென்னையிலேயே இருக்கிறது. நிலையம் அப்படி ஒரு கவுன்சிலின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறதா, தேர்வை வெளியாள் வந்து நடத்துகிறாரா என்றும் கேளுங்கள். காலையில் போய் மாலையில் சான்றிதழோடு வரலாம் என்பவரிடம் போகவே வேண்டாம்.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் அங்கே அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படிப்பை முடித்தாக வேண்டும். இங்கே வாங்கிய சான்றிதழைக் காட்டி நேராக வண்டியில் ஏறிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இங்கே கற்றது வீண்போகாது, அங்கே தேர்வில் கை கொடுக்கும்.

வண்டி ஏன் குடை சாய்கிறது

ஃபோர்க்லிஃப்ட் ஒரு சீசா மாதிரி. முன்சக்கர அச்சு நடுக்கட்டை. ஒரு பக்கம் சுமை, மறுபக்கம் வண்டியின் பின்னால் உள்ள இரும்பு எடைக்கட்டி. மூன்று டன் தூக்கும் வண்டி தானே நான்கு டன்னுக்கு மேல் இருப்பது அதனால்தான். சீசாவில் குழந்தை நுனிக்கு நகர்ந்தால் என்ன ஆகும்? அதே எடைதான், ஆனால் பலகை அந்தப் பக்கம் சாயும். இங்கேயும் அப்படியே. தகட்டில் உள்ள 3,000 கிலோ, சுமையின் எடை மையம் ஃபோர்க்கின் முதுகிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால்தான் பொருந்தும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமான பெட்டியை எடுத்தால் மையம் 800 மில்லிமீட்டருக்குத் தள்ளிப் போய்விடும். அப்போது அதே வண்டி பத்திரமாகத் தூக்குவது ஏறத்தாழ 2,300 கிலோதான். சைடு ஷிஃப்டர், கிளாம்ப் போன்ற இணைப்பு மாட்டியிருந்தால் இன்னும் குறையும். நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம், தகட்டைப் பாருங்கள். தகடு இல்லாத வண்டி, பெயின்ட் அடித்து மறைத்த தகடுள்ள வண்டி இரண்டையும் எடுக்காதீர்கள்.

பக்கவாட்டில் சாய்வது வேறு கதை. நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். முன்சக்கரங்கள் இரண்டும் அதன் இரண்டு முனை. பின் அச்சு நடுவில் ஒரே இடத்தில் ஊசலாடும்படி மாட்டியிருப்பதால் அந்த இடம் மூன்றாவது முனை. எடை மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவலையில்லை. சுமையை உயரத் தூக்கியபடி திரும்பினால் அது சட்டென்று வெளியே போய்விடும். புதியவர்கள் நம்ப மறுப்பது ஒன்று உண்டு: காலி வண்டியும் சாயும். முன்னால் சுமை இல்லாதபோது எடை மையம் பின்னுக்குப் போகிறது. பின்னால் முக்கோணம் குறுகலாக இருக்கிறது. ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் காலி வண்டியை வேகமாக வளைப்பது ஆபத்தாவது இதனால்தான்.

சாயும் நொடியில் உடம்பு வெளியே குதிக்கச் சொல்லும். குதித்தவர் மேல் தலைக்கூண்டின் கம்பி விழும். அதனால்தான் சீட் பெல்ட். உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாய்ந்தால் உள்ளேயே இருங்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கமாக ஏறி நின்று ஓட்டும் வகையில் மட்டும் பின்வாக்கில் இறங்கி விலகலாம். எந்த வண்டிக்கு எது என்பதைப் பயிற்சியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

சரிவில் சுமையோடு போகும்போது சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. காலி வண்டி என்றால் ஃபோர்க் பள்ளத்துப் பக்கம். சரிவின் நடுவில் திரும்பவே கூடாது.

மூடி திறந்த தண்ணீர் பாட்டில்

எனக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் தேர்வு நாளில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டு, காலி பேலட்டின் நடுவில் வைப்பார். "இதை எடுத்து மூணாவது தட்டுல வெச்சுட்டு, திரும்பக் கொண்டாந்து கீழ வைப்பா" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். ஃபோர்க் பேலட்டுக்குள் நேராக நுழைகிறதா, இடித்துக்கொண்டு நுழைகிறதா என்பது பாட்டிலில் தெரியும். லீவரை விரலால் தொடுபவரையும் பிடித்து இழுப்பவரையும் பாட்டில் பிரித்துக் காட்டும். ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, மாஸ்ட்டைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, ரேக்குக்கு முன்னால் முழுதாக நின்ற பிறகே தூக்க ஆரம்பிப்பவர் கொண்டுவரும் பாட்டில் நிறைந்தே இருக்கும். ஓடிக்கொண்டே தூக்குபவரின் பேலட் நனைந்திருக்கும்.

ஆனால் அவர் மதிப்பெண் போடுவது பாட்டிலைப் பார்த்து அல்ல. ரேக் முனையில் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தாரா, பின்னால் வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாரா என்பதைத்தான் குறித்துக்கொள்வார். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புவதால் அதன் பின்பக்கம் வெளியே வீசும். கார் ஓட்டிப் பழகியவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கத்தால் இடிப்பார்கள். வண்டி 10 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஒரு வினாடிக்குள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் கடந்துவிடும். எதிரே ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு வினாடி தீர்ந்துபோயிருக்கும். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும். சரிவில் ஏறும்போது அது முடியாது, வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும்.

முதல் பத்து நிமிடம்

ஷிஃப்ட் தொடங்கியதும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். டயர் கிழிசல், தரையில் எண்ணெய்ச் சொட்டு, செயினின் தொய்வு, ஃபோர்க்கில் விரிசல். ஃபோர்க்கின் வளைவில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே அதை மாற்ற வேண்டும், ஏனென்றால் தாங்கும் திறன் அதற்குள் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். ஏறி உட்கார்ந்த பின் பிரேக், ஹேண்ட் பிரேக், ஹாரன், பின்னால் வரும்போது ஒலிக்கும் பீப், பெல்ட். பேட்டரி வண்டி என்றால் சார்ஜ் ஏறும் இடத்தில் ஹைட்ரஜன் வாயு வெளியாகும், அங்கே காற்றோட்டம் வேண்டும், பீடி சிகரெட் கூடாது. டீசல் வண்டியை மூடிய கிடங்குக்குள் வெகுநேரம் ஓடவிட்டால் புகையோடு கார்பன் மோனாக்சைடும் தேங்கும்.

லாரிக்குள் நுழையும் முன் இறங்கிப் போய் லாரிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். "போட்டாச்சுண்ணே" என்று யாராவது குரல் கொடுத்தாலும் பாருங்கள்.

குறை இருந்தால் பதிவேட்டில் எழுதி, வண்டியை ஓரம் கட்டுங்கள். எழுதுவது முக்கியம். வாயால் சொன்னது மாலைக்குள் மறந்துவிடும்.

முடியாது என்று சொல்வது

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதல்ல. வேலைக்கு வந்த ஆரம்ப வருடங்களில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு மாலை, வண்டி தாங்காத எடையுள்ள ஒரு இயந்திரப் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. லாரிக்காரர் அவசரப்படுத்தினார். ஃபோர்க் தூக்கியதும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. "ரெண்டு பேர் பின்னாடி ஏறி நில்லுங்க" என்றேன். அதைச் சொன்னது நான்தான். பல இடங்களில் அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தேன். பெட்டி ஃபோர்க்கிலிருந்து வழுக்கியது, எழும்பியிருந்த பின்பக்கம் தடாலென்று தரையில் அடித்தது. ஏறி நின்ற அண்ணன் ஒருவர் விழுந்து, கணுக்கால் நொறுங்கிவிட்டது. எட்டு மாதம் கழித்துத்தான் வேலைக்கு வந்தார், அதுவும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு. அந்த ஆபரேட்டர் நான் சொன்னதை மறுத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தைத் தாங்க அவருக்கு அன்று யாரும் துணை இல்லை.

அதனால் ஆபரேட்டர்களிடம் நான் சொல்வது: மறுப்பை மாற்று வழியோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். எடை அதிகம் என்றால், "அண்ணே, ரெண்டாப் பிரிச்சு இறக்கிடறேன், கால் மணி நேரம் கூட ஆகும்." பேலட்டில் ஆளை ஏற்றி மேலே தூக்கச் சொன்னால், "சார், அதுக்குன்னு இருக்கிற கூண்டையோ ஏணி வண்டியையோ கொண்டுவரச் சொல்லுங்க, நான் நிக்கிறேன்." கூட ஒருவர் தொற்றிக்கொண்டு வரக் கேட்டால், "இடம் ஒண்ணுதான்பா, நடந்து வா." குரலை உயர்த்தத் தேவையில்லை. சொன்ன பிறகும் வற்புறுத்தினால் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். பெரும் ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் வந்தால் அதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லும் உரிமையை 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது.

கிடங்கு நடத்துபவர்களே, உங்கள் பக்கத்து வேலை இதைவிடப் பெரியது. ஆள் நடக்கும் பாதையையும் வண்டி ஓடும் பாதையையும் தடுப்பு வைத்துப் பிரியுங்கள். மஞ்சள் கோடு மட்டும் யாரையும் காப்பாற்றாது. சுமை தூக்கும் கருவிகளை வருடத்துக்கு ஒரு முறை தகுதி பெற்றவரை வைத்துச் சோதிக்கும்போது ஃபோர்க்லிஃப்ட்டையும் அதில் சேருங்கள். கான்ட்ராக்டில் வந்த ஆபரேட்டருக்கும் அதே பயிற்சி, அதே அனுமதிச் சீட்டு, அவர் பெயரில் இ.எஸ்.ஐ. நடப்பில் இருக்கிறதா என்று நீங்களே சரிபார்ப்பது. சாவிகளைப் பூட்டிய பெட்டியில் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். வண்டியிலேயே சாவி தொங்கினால், டீக்குப் போன ஆபரேட்டர் வருவதற்குள் ஹெல்பர் பையன் ஏறிப் பழகத் தொடங்குவான். கற்றுக்கொள்ளும் ஆசை தப்பில்லை. ஆசை உள்ளவரைக் கண்டுபிடித்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள், அடுத்த ஆபரேட்டர் அவர்தான். பெண்களையும் கேளுங்கள். இந்த வேலைக்குத் தேவை பொறுமையும் கண்ணும்தான், தோள்பலம் அல்ல.

ஒரகடத்துத் தம்பியிடம் விடைபெறும்போது அவர் கேட்டார்: "சார், வேற கம்பெனிக்கு மாறினா இந்தப் பேப்பர்லாம் செல்லுமா?" சான்றிதழ் செல்லும், கம்பெனி அனுமதி செல்லாது, புது இடத்தில் மறுபடி ஓட்டிக் காட்டி வாங்க வேண்டும் என்றேன். ஆனால் வேலையை விட்டுக் கிளம்பும்போது, எந்தெந்த வகை வண்டியை எத்தனை வருடம் ஓட்டினார், பயிற்சியும் மறுபயிற்சியும் எந்தத் தேதியில் நடந்தன என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், கொடுத்த பிறகு அந்தக் கடிதத்துக்காக அலைய வேண்டியிருக்கும். தம்பி செல்போனை எடுத்து, துடைத்து வைத்த தகட்டை முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.